இடம் மாறிய முகங்கள்

2003-ம் ஆண்டு நியூசிலாந்துக்கு வடமேற்கே, கடலடி மலைத்தொடர் ஒன்றை ஆராயப் போன கப்பலின் வலையில் ஒரு மீன் சிக்கியது. 1,000 மீட்டருக்கும் கீழேயிருந்து இழுத்து வரப்பட்ட அந்த மீனை மேலே கிடத்திப் படம் எடுத்தார்கள். இளஞ்சிவப்பில் கொழகொழத்த உடல், தொங்கிப்போன பெரிய மூக்கு, கீழ்நோக்கி வளைந்த வாய், வாயோரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் நிற ஒட்டுண்ணி. மனித முகச்சாயல் கொண்ட அந்தப் படம் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. 2013-ல் பிரிட்டனில் 'அவலட்சண விலங்குகள் பாதுகாப்புச் சங்கம்' என்ற அமைப்பு நடத்திய வாக்கெடுப்பில், பிளாப் மீன் என்ற அந்த மீன்வகைக்கே 'உலகின் மிக அவலட்சணமான விலங்கு' என்ற பட்டம் கிடைத்தது. அன்று முதல் உலகின் விநோத விலங்குகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அந்த முகத்துக்கு அதில் ஓர் இடம் உண்டு.

ஆனால் அது அந்த மீனின் முகமே இல்லை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 1,000 மீட்டரில், நாம் தரையில் தாங்குவதைப்போல 100 மடங்குக்கும் மேல். பெரும்பாலான மீன்கள் மிதப்பதற்கு உடலுக்குள் ஒரு காற்றுப்பை வைத்திருக்கின்றன. அந்த ஆழத்தில் காற்றுப்பையை நிரப்பி வைத்திருப்பது பெரும்பாடு. பிளாப் மீனுக்குக் காற்றுப்பை கிடையாது. அதன் சதை கூழ்போன்றது, நீரைவிடச் சற்றே எடை குறைந்தது. எலும்புகள் மெலிந்தவை, தசை சொற்பம். நீந்தச் சக்தியைச் செலவழிக்காமல் கடல்தரையை ஒட்டி மிதந்தபடி, பக்கத்தில் வரும் நண்டு நத்தையைத் தின்று வாழ்வதற்கு இந்த உடல் கச்சிதமாகப் போதும். நான்கு பக்கமும் நெருக்கும் தண்ணீரே அதற்குத் தாங்குகட்டை. அங்கே அது பெரிய தலையும் ஒடுங்கிய வாலும் கொண்ட சாதாரண மீன். மேலே இழுக்கப்படும்போது அந்தத் தாங்கல் போய்விடுகிறது. வலை உரசித் தோல் கிழிகிறது. உடல் சரிந்து பரவுகிறது. நாம் பார்த்துச் சிரித்த படம் ஒரு காயத்தின் படம்.

இதை ஒரு மீனுக்கு நேர்ந்த தனிப்பட்ட அநீதியாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. விநோதம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும், ஓர் உயிரை அது வாழும் இடத்திலிருந்து பிடுங்கியெடுத்துப் பார்ப்பதால் உண்டாகும் தோற்றம். இடத்தோடு சேர்த்துப் பார்த்தால் அதே உறுப்பு, அங்கே செய்யவேண்டிய வேலைக்கான கருவியாகத் தெரியும். ரசனைக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்தால் இதை இவ்வளவு வலியுறுத்தத் தேவையில்லை. பார்ப்பதில் செய்யும் பிழையைக் காப்பதிலும் செய்கிறோம் என்பதுதான் கவலை. விலங்கை மட்டும் பார்க்கும் கண், விலங்கை மட்டும் காப்பாற்றப் பார்க்கிறது. இடத்தை விட்டுவிடுகிறது.

பிளாட்டிபஸ் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1799-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த உலர்ந்த தோல் ஒன்றை ஆராய்ந்த இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, ஏதோ நாற்கால் விலங்கின் உடலில் வாத்தின் அலகை ஒட்டவைத்த மோசடியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அவர் முன் இருந்தது ஒரு தோல் மட்டும், ஆறு இல்லை. கலங்கலான ஆற்றின் அடியில் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொண்டு இரை தேடும் விலங்கு அது. இரையின் தசை அசையும்போது எழும் நுண்ணிய மின்சாரத்தை அந்த அலகால் உணர்கிறது. அலகில் இதற்கென்று ஏறத்தாழ 40,000 உணரிகள் இருக்கின்றன. இந்த மின்னுணர்வைக் கண்டறிய அறிவியலுக்கு 1980-கள் வரை ஆனது. அந்த ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடிகள் யாரும் அதைப் போலி என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

பார்த்ததும் நடுங்கவைக்கும் விநோதத்துக்கு மடகாஸ்கரின் அய்-அய்தான் எடுத்துக்காட்டு. இரண்டரை கிலோ எடை, பரட்டை முடி, வௌவாலுக்கு இருப்பதைப்போன்ற காது, எலியைப்போல வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பற்கள், இருட்டில் மின்னும் மஞ்சள் கண்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கையின் நடுவிரல். மற்ற விரல்களைவிட மிக மெலிந்து, சதையே இல்லாத குச்சிபோல நீண்டிருக்கிறது. ஐரோப்பியர்களுக்கு இதை முதலில் விவரித்தவர் பிரெஞ்சுப் பயணி பியர் சொனரா. 1782-ல் வெளியான அவருடைய பயணநூலில் இது இடம்பெற்றது. புதுச்சேரியில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். நம் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அடுத்து வந்தவர்கள் அய்-அய்யை அணிலோடு சேர்த்தார்கள். பல்லைப் பார்த்தால் கொறித்துண்ணி, கையைப் பார்த்தால் குரங்கு. 1860-களில் உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் அதன் உடற்கூற்றை விரிவாக ஆராய்ந்த பிறகே அது நம்மைப்போல முதனி வரிசையைச் சேர்ந்தது, லெமூர்களின் உறவு என்பது உறுதியாக நிலைபெற்றது.

அந்த விரல் என்ன செய்கிறது? இரவில் அய்-அய் ஒரு மரக்கிளையில் அமர்ந்து, நடுவிரலால் பட்டையை விடாமல் தட்டுகிறது. விநாடிக்கு எட்டு முறை வரை தட்டும் என்கிறார்கள். காதை முன்பக்கம் குவித்துக் கேட்கிறது. உள்ளே வண்டுப்புழு குடைந்த பொந்து இருந்தால் ஓசை மாறும். மாறிய இடத்தில் முன்பற்களால் மரத்தைக் கடித்துத் துளையிடுகிறது. துளைக்குள் அந்த மெலிந்த விரலை விட்டு, அடிமூட்டில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய அந்த விரலால் புழுவைக் குத்தி இழுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. இப்போது மடகாஸ்கரின் பறவைப் பட்டியலைப் பாருங்கள்: அந்தத் தீவில் மரங்கொத்தியே கிடையாது. மரங்கொத்தி எட்டிப்பார்க்காத ஒரு தீவில், மரத்துக்குள் இருக்கும் புழுவைத் தின்னும் வேலை காலியாகக் கிடந்தது. ஒரு லெமூர் அதை எடுத்துக்கொண்டது. அலகுக்குப் பதில் பல், நாக்குக்குப் பதில் விரல். உடலில் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்த ஒவ்வொன்றும் ஒரே வேலையின் அங்கம்.

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒன்றைச் சொல்லலாம், அது நியாயமான எதிர்ப்பும்கூட. இடத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதால்தான் விநோதம் தோன்றுகிறது என்றால், அதே இடத்தில் வாழும் மடகாஸ்கர் மக்களே அய்-அய்யைக் கண்டு அஞ்சுவது ஏன்? தீவின் பல பகுதிகளில் அது அபசகுனம். அது விரலை நீட்டிக் காட்டினால் காட்டப்பட்டவருக்குச் சாவு என்ற நம்பிக்கை இருக்கிறது. கண்ட இடத்தில் கொன்று, வழிப்போக்கர் கண்ணில் படும்படி கம்பில் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. நம்மூரிலும் இதே நிலைதான். தேவாங்கு தமிழ்நாட்டு முள்காட்டு விலங்கு, நம் வயலோர மரங்களில் பூச்சி தின்று வாழ்வது. ஆனாலும் மாந்திரீகம், நாட்டு மருந்து என்ற பெயரில் அதைப் பிடித்து வதைத்த கொடுமை இங்கே நடந்திருக்கிறது. பக்கத்தில் வாழ்வது வேறு, பழகியிருப்பது வேறு என்பதுதான் இதற்கு விடை. இரண்டுமே இரவில் நடமாடுபவை. மனிதர் விழித்திருக்கும் உலகத்தில் அவற்றின் வேலை கண்ணில் படுவதில்லை. கண்ணில் படுவது விளக்கு வெளிச்சத்தில் திகைத்து நிற்கும் இரண்டு பெரிய கண்கள் மட்டும். மடகாஸ்கரில் காடு சுருங்கச் சுருங்க அய்-அய் தென்னந்தோப்புக்கு வருகிறது, இளநீர்க் காய்களைத் துளைக்கிறது. ஊர்க்காரர் அதைச் சந்திப்பது பெரும்பாலும் அது தன் இடத்தை இழந்து வெளியே வந்த பிறகுதான். எல்லா ஊர்களிலும் ஒரே நம்பிக்கை நிலவவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எல்லா விநோதத்தையும் இவ்வளவு விரித்துப் பேசத் தேவையில்லை. வட அமெரிக்கச் சதுப்புகளில் வாழும் நட்சத்திர மூக்கு அகழெலியின் மூக்கைச் சுற்றி 22 சதைக்கதிர்கள் இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள அந்த மூக்கில் சுமார் 25,000 தொடு உணரிகள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நரம்பிழைகள். இருட்டுச் சேற்றில் ஒரு சின்னப் புழுவைத் தொட்டு, உணவுதானா என்று முடிவெடுத்து, விழுங்கி முடிக்க அதற்குச் சராசரியாகக் கால் விநாடிகூட ஆவதில்லை என்பதை அமெரிக்க நரம்பியலாளர் கென்னத் கட்டானியா அளந்து காட்டியிருக்கிறார். மத்திய ஆசியாவின் சைகா மானுக்கு யானைக்குட்டியின் துதிக்கையை வெட்டி ஒட்டியதுபோல் ஒரு மூக்கு. கோடையில் மந்தை கிளப்பும் புழுதியை வடிகட்டவும், பனிக்காலத்தில் உறைகுளிர்க் காற்று நுரையீரலுக்குப் போகுமுன் சூடேற்றவும் அந்த மூக்கு வேண்டும். புல்வெளியின் தட்பவெப்பத்தை அந்த ஒரு மூக்கிலேயே படித்துவிடலாம்.

நம் பக்கத்து மலையில் இருக்கும் தவளைக்கு வருவோம். 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி போசுயும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து ஒரு புதிய தவளையை அறிவித்தார்கள். ஊதிய பலூன் போன்ற கருஊதா உடல், அதில் குட்டையான கால்கள், சின்னஞ்சிறு கண்கள், முனை வெளுத்த பன்றி மூக்கு. தவளை என்றே சட்டென்று சொல்ல முடியாது. வெறும் புதிய இனமாக மட்டும் அது இருக்கவில்லை. அதற்காக ஒரு புதிய குடும்பத்தையே உருவாக்க வேண்டியிருந்தது. மரபணுவை ஒப்பிட்டபோது அதன் நெருங்கிய சொந்தம் இந்தியாவில் எங்கும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே சீஷெல்ஸ் தீவுகளில் இருந்தது. இந்தியாவும் சீஷெல்ஸும் மடகாஸ்கரும் ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்த காலத்திலேயே கிளை பிரிந்த வம்சம். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட தனிப்பாதை. டைனோசர்களை முடித்துவைத்த பேரழிவைத் தாண்டி வந்த கிளை அது.

அந்தத் தவளை ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. பின்னங்கால்களில் மண்வெட்டிபோன்ற தடித்த புடைப்பு இருக்கிறது, அதனால் பின்பக்கமாகவே தோண்டிக்கொண்டு கீழே போகும். கரையான் புற்றுக்குள் கூர்மூக்கை நுழைத்து நாக்கால் கரையானைத் தின்கிறது. வெளியே வருவது பருவமழையை ஒட்டிய சில நாட்கள் மட்டும். ஆண் தவளை மண்ணுக்குள் இருந்தபடியே கூப்பிடும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பெண்ணின் முதுகில் தொற்றிக்கொண்டு ஓடைக்குப் போகும். ஓடையின் பாறை இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டைகள். அவை பொரிந்து வரும் தலைப்பிரட்டைகளின் வாய் ஓர் உறிஞ்சி. காட்டாற்று வெள்ளம் புரட்டிக்கொண்டு போகும் பாறை முகத்தில் அந்த வாயால் ஒட்டிக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்று, மழைக்காலம் முழுக்கக் கழிக்கின்றன. வளர்ந்த தவளை அறிவியலுக்குத் தெரிவதற்கு ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி, விலங்கியலாளர்கள் அன்னண்டேலும் சி.ஆர். நாராயண ராவும் இந்தத் தலைப்பிரட்டையை விவரித்திருந்தார்கள். அது எந்தத் தவளையின் பிள்ளை என்பதுதான் தெரியாமல் இருந்தது. அந்த மலைகளின் பழங்குடிகளுக்கோ இரண்டும் பழக்கம். பாதாளத் தவளை என்று அதற்குப் பெயரும் இருந்தது. 2017-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயத்துக்கு அருகிலிருந்து இதன் உறவுத் தவளை ஒன்று தனி இனமாக விவரிக்கப்பட்டது. கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி, 2014-ல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள். மேற்குச் சரிவுத் தவளைக்குத் தென்மேற்குப் பருவமழை எப்படியோ, இதற்கு வடகிழக்குப் பருவமழை அப்படி. மலையின் எந்தப் பக்கம் மழை எப்போது பெய்யும் என்பதுகூட இந்த உயிர்களின் உடலுக்குள் பதிந்திருக்கிறது.

இவ்வளவு குறுகிய வாழ்வுக்கு ஒட்டிப்போன உயிர்கள் அழிவது இயற்கைதானே, ஒரே வேலைக்கு உருவான கருவி அந்த வேலை போனால் வீண்தானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களும் இதைச் சொல்வதால் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவதாக, விநோதத் தோற்றம் என்பது பலவீனத்தின் அடையாளம் இல்லை. நட்சத்திர மூக்கு அகழெலி வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் பரவலாக வாழ்கிறது. அருகிவரும் உயிர்களின் பட்டியலில் அது இல்லை. அதன் மூக்கைவிட விசித்திரமான உறுப்பு பாலூட்டிகளில் வேறு எதற்கு இருக்கிறது? அதன் சதுப்புகள் மிச்சமிருக்கின்றன, அதுவும் இருக்கிறது. இரண்டாவதாக, பாதாளத் தவளையின் வம்சம் கண்டங்கள் பிளந்ததையும், எரிமலைக் குழம்பு தக்காணத்தை மூடியதையும் தாண்டிவந்தது. அதை இன்று நெருக்குவது காபிக்கும் ஏலத்துக்கும் இஞ்சிக்கும் அழிக்கப்படும் காடு, ஓடையின் குறுக்கே எழும் தடுப்பணை. பத்துக் கோடி ஆண்டு பிழைத்த ஒன்றைச் சில பத்தாண்டுகளில் நாம் நெருக்கடியில் தள்ளிவிட்டு, அதைப் பிழைக்கத் தெரியாதது என்று சொல்வது எந்த விதத்தில் நியாயம்?

எந்த விலங்கைக் காப்பது என்ற கேள்வி வரும்போது நம் கண் எங்கே போகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் பாட்ரீசியா பிளெமிங், பில் பேட்மன் இருவரும் 2016-ல் அந்நாட்டின் 331 நிலவாழ் பாலூட்டிகளைப் பற்றி வெளியான ஆய்வுகளை வகைப்படுத்திப் பார்த்தார்கள். கங்காரு, கோலா போன்றவை நல்லவை. வெளியிலிருந்து வந்து தொல்லை தரும் முயல், நரி போன்றவை கெட்டவை. அந்நாட்டுக்கே உரிய எலிகளும் வௌவால்களும் அவலட்சணமானவை என்று மூன்று கூறாக்கினார்கள். மொத்த இனங்களில் பாதியை நெருங்கும் மூன்றாம் கூறைப் பற்றித்தான் மிகக் குறைவான ஆய்வுகள் நடந்திருந்தன. ஆய்வு நடக்காத விலங்கு எத்தனை மிச்சம் என்று தெரியாது. எத்தனை மிச்சம் என்று தெரியாததற்குத் திட்டமும் பணமும் வருவதில்லை. உலக இயற்கை நிதியம் 1961-ல் தொடங்கப்பட்டபோது சின்னமாகப் பாண்டாவைத் தேர்ந்தெடுத்தது. அந்த முகம் எத்தனையோ பேரைப் பணம் கொடுக்க வைத்திருக்கிறது, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்த முகம் இல்லாத உயிர்களுக்கு அதே வழி திறக்காது.

இதற்கு வனத்துறையினர் சொல்லும் மறுப்பு வலுவானது. புலியைக் காத்தால் புலி வாழும் காடு முழுவதும் பாதுகாக்கப்படுகிறது, அந்தக் குடையின் கீழ் தவளையும் பல்லியும் தாமாகவே பிழைத்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். பெருங்காடுகளைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. புலிகள் காப்பகங்கள் இல்லாவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்று என்ன மிஞ்சியிருக்கும் என்று யோசிக்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் குடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பாதாளத் தவளை முட்டையிடும் ஓடைகளில் பல, காப்பகத்துக்கு வெளியே, தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் ஊடாக ஓடுகின்றன. தேவாங்கு வாழும் கடவூர் மலைகளில் புலியும் இல்லை, யானையும் இல்லை. வறண்ட முள்காடு, சுற்றிலும் மானாவாரி நிலம். புலியை மட்டும் அளவுகோலாக வைத்திருந்தால் அந்த இடம் கணக்கிலேயே வந்திருக்காது. 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைத் தேவாங்குச் சரணாலயமாக அறிவித்தது. தேவாங்குக்காகவே அமைந்த இந்தியாவின் முதல் சரணாலயம் அது. அபசகுனம் என்று விரட்டப்பட்ட ஒரு விலங்குக்காக அதன் இடத்தையே பாதுகாப்பதாக ஓர் அரசு அறிவித்ததை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

விலங்கை விரும்பச் செய்துவிட்டால் போதும், மற்றது தானே நடக்கும் என்போர் இன்னொரு பக்கம். பிளாப் மீன்மீது சிரித்தாலாவது அதன் பெயர் தெரிகிறதே என்பது அந்த வாக்கெடுப்பை நடத்தியவர்களின் நோக்கம். 2025-ல் நியூசிலாந்தில் 'ஆண்டின் சிறந்த மீன்' வாக்கெடுப்பிலும் அது வென்றது. நல்லெண்ணத்தை மறுக்கவில்லை. ஆனால் புகழ் மட்டும் என்ன செய்யும் என்பதற்கு மெக்சிகோவின் ஆக்ஸலாட்டல் சாட்சி. மெக்சிகோ நகரத்தின் தெற்கே சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டுமே இயற்கையாக வாழும் நீர்ப்பல்லி அது. வளர்ந்த பிறகும் குட்டிப்பருவத்துச் செவுள்களை இழப்பதில்லை. தலையின் இருபுறமும் இறகுக் கொத்துபோல அவை விரிந்திருக்கும். வற்றாத ஏரியில் வாழ்ந்த உயிர், கரையேறத் தேவைப்படாததால், அந்த வடிவத்திலேயே இனப்பெருக்கம் செய்யக் கற்றுக்கொண்டது. வெட்டுப்பட்ட கால் மீண்டும் முளைக்கும் என்பதால் ஆய்வகங்கள் அதை நாடின. 1864-ல் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்ட சிலவற்றிலிருந்து தொடங்கி, இன்று உலகம் முழுவதும் ஆய்வகங்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் பெருகிக் கிடக்கிறது. சிரிக்கிற முகம், பொம்மைகள், கணினி விளையாட்டுகள், 2021 முதல் மெக்சிகோவின் 50 பெசோ தாளில் படம். இதைவிடப் புகழ் ஒரு நீர்ப்பல்லிக்குக் கிடைக்காது. சோச்சிமில்கோவிலோ, 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்ட எண்ணிக்கை 2014-ல் 36 ஆகியிருந்தது. நகரத்தின் கழிவுநீர், நல்லெண்ணத்தோடு உணவுக்காக விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும், கைவிடப்பட்ட மிதவை வயல்கள். எல்லோரும் நேசித்த உயிர், யாரும் கவனிக்காத இடத்தோடு சேர்ந்து அழிந்துகொண்டிருந்தது. ஆசியாவின் மெதுநடைத் தேவாங்குக்குப் புகழ் நேரடியாகவே தீங்கு செய்தது. கூசவைத்தால் கைதூக்கும் காணொளிகளைப் பார்த்து அதைச் செல்லப்பிராணியாக வாங்க ஆள் வந்தது. கள்ளச்சந்தையில் விற்குமுன் அதன் நச்சுக்கடிக்குப் பயந்து பற்களை வெட்டுகிறார்கள். கைதூக்குவது மகிழ்ச்சியால் இல்லை. முழங்கைப் பக்கத்துச் சுரப்பியை வாயருகே கொண்டுபோகும் தற்காப்பு அது.

கடைசி எதிர்ப்பு பணத்தைப் பற்றியது. ஏழை நாடுகளில் மனிதருக்கே வழியில்லாதபோது மூக்கு நீண்ட மானுக்கும் மண்ணுக்குள் இருக்கும் தவளைக்கும் யார் செலவழிப்பது, அதில் பலன் இருக்கும் என்பதற்கு என்ன உறுதி? சைகா மான் இந்தக் கேள்விக்கு எண்ணிக்கையிலேயே பதில் வைத்திருக்கிறது. சோவியத் ஒன்றியம் 1991-ல் உடைந்த பிறகு, புல்வெளி கிராமங்களில் வேலை போயிற்று, காவல் போயிற்று, சீன மருந்துச் சந்தைக்கான எல்லை திறந்தது. கொம்புக்காக ஆண் மான்களைத் தேடிக் கொன்றார்கள். கிடாக்கள் இல்லாமல் இனப்பெருக்கமே நின்றுபோகும் நிலை வந்தது. பத்து லட்சத்தை நெருங்கிய கூட்டம் சில பத்தாயிரங்களில் எண்ணும் அளவுக்குச் சரிந்தது. அதிலிருந்து மீண்டு வரும்போதே 2015 மே மாதம் கஜகஸ்தானில் மூன்றே வாரங்களில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மான்கள் செத்து விழுந்தன. வழக்கமாக அவற்றின் உடலில் தொல்லையின்றி வாழும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா, அந்த ஆண்டின் வழக்கத்துக்கு மாறான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் உயிர்கொல்லியாக மாறியது. அத்தோடு கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். கஜகஸ்தான் அரசும் பாதுகாப்பு அமைப்புகளும் கைவிடவில்லை. 'அல்தின் தலா' என்ற திட்டத்தின் கீழ் புல்வெளியையே பெரும்பரப்பில் பாதுகாத்தார்கள், காவலர்களை நியமித்தார்கள், வேட்டைக்கான தண்டனையைக் கடுமையாக்கினார்கள். 2022-ல் கஜகஸ்தானில் மட்டும் 13 லட்சம் சைகாக்கள். 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் உச்ச விளிம்பிலிருந்து பல படிகள் இறக்கி, அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக மாற்றி அறிவித்தது. இப்போது பயிரை மேய்கிறது என்ற விவசாயிகளின் புகார்தான் அங்கே பிரச்சினை. அதுவும் உண்மையான பிரச்சினைதான், பேசித் தீர்க்க வேண்டியது. ஆனால் விலங்கு உயிரோடு இருப்பதால் வரும் பிரச்சினை.

சைகாவின் மூக்கை யாரும் அழகாக்கிக் காட்டவில்லை. கூண்டில் வளர்த்து எண்ணிக்கையைப் பெருக்கியதால் வந்த வெற்றியும் இல்லை இது. புல்வெளி கிடைத்தது, துப்பாக்கி விலகியது, இரட்டைக் குட்டிகளை ஈனும் விலங்கு மற்றதைத் தானே செய்துகொண்டது. ஆக்ஸலாட்டல் விஷயத்திலும் இப்போது இந்தப் பாதைக்கே வந்திருக்கிறார்கள். மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் சம்பிரானோ குழுவினர் சோச்சிமில்கோ விவசாயிகளோடு சேர்ந்து பழைய மிதவை வயல்களின் கால்வாய்களைச் சுத்தப்படுத்தி, வாய்க்கால் முகப்பில் கற்களாலும் செடிகளாலும் வடிகட்டி அமைத்து, கெண்டை மீன் உள்ளே வராமல் தடுக்கிறார்கள். அங்கே விளையும் கீரையை, ரசாயனம் இல்லாதது என்று விவசாயி நல்ல விலைக்கு விற்க முடியும். சீரமைத்த நீர்நிலைகளில் கருவி பொருத்தி விடப்பட்ட, கூண்டில் பிறந்த 18 ஆக்ஸலாட்டல்களும் கண்காணித்த காலம் முழுக்க உயிர்பிழைத்தன என்றும், திரும்பப் பிடிபட்டவை எடை கூடியிருந்தன என்றும் 2025-ல் அறிவித்தார்கள். எண்ணிக்கை சிறியது. ஆனால் தண்ணீர் சரியாக இருந்தால் தொட்டியில் பிறந்ததுகூட வேட்டையாடக் கற்றுக்கொள்கிறது என்பதை அது காட்டுகிறது.

அய்-அய்க்கும் பாதாளத் தவளைக்கும் இன்னொரு வாதமும் துணைக்கு வருகிறது. லண்டன் விலங்கியல் சங்கம் 2007-ல் தொடங்கிய திட்டம் ஒன்று, ஓர் உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பதோடு, அதற்கு உறவுகள் எத்தனை மிச்சம் என்பதையும் சேர்த்து முன்னுரிமை தருகிறது. தன் குடும்பத்தில் உயிரோடிருக்கும் ஒரே இனம் அய்-அய். அது போனால் ஓர் இனத்தோடு ஒரு குடும்பமே போகிறது. நிதி குறைவாக இருக்கும்போது எதை முதலில் காப்பது என்பதற்கு முகத்தைவிட இது நேர்மையான அளவுகோல். விநோதமாகத் தெரியும் எல்லா உயிரும் இந்தப் பட்டியலில் வராது, வரவும் தேவையில்லை. வந்தவற்றுக்கோ இடம் உடனே வேண்டும்.

நம் மலைகளுக்கு இதன் பொருள் என்ன என்பதைத் தெளிவாகவே சொல்லலாம். பாதாளத் தவளையின் தலைப்பிரட்டைகளைப் பழங்குடிகள் உணவுக்காகப் பிடிப்பது ஆபத்து என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஒரு கைப்பிடித் தலைப்பிரட்டை பிடிப்பவரைத் தடுத்துவிட்டு, அதே ஓடையின் குறுக்கே கான்கிரீட் போடுவதற்கு அனுமதி கொடுத்தால் தவளை மிஞ்சாது. ஓடும் தண்ணீரில் பாறையைப் பற்றிக்கொள்வதற்கென்றே வாய் அமைந்த குஞ்சுக்குத் தேங்கிய தண்ணீர் உதவாது. முட்டையிடும் ஓடைகள் எவை என்பதை அந்த ஓடைகளை அறிந்த பழங்குடிகளையே சம்பளத்துக்கு அமர்த்திக் கண்டறிய முடியும். இடுக்கியில் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் அந்த வேலையைத் தொடங்க வேண்டும். தோட்ட உரிமையாளர்கள் ஓடையின் இரு கரையிலும் கொஞ்சம் காட்டை வெட்டாமல் விடுவதும், பொதுப்பணித் துறையின் தடுப்பணை மதிப்பீட்டில் இந்த ஓடைகளின் பட்டியலைக் கட்டாயம் சேர்ப்பதும் கோடிகள் கேட்கும் காரியங்கள் இல்லை. கடவூரில் சரணாலயத்துக்கு வெளியே வயலோரமாக நிற்கும் மரங்களையும் முள்வேலிப் புதர்களையும் வெட்டாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு ஏதேனும் ஊக்கத்தொகை கிடைக்கச் செய்வதும் அப்படியே. தேவாங்கு கிளைவிட்டுக் கிளை தாவாது, நடந்தே போகும். மரங்கள் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை.